மூன்று பாயிண்டிலும் வைத்த சந்தனம்

கீரமங்கலம் கடைவீதியில் இருக்கும் பல் ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைப்பவர் செவந்தி அக்கா. புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் இந்த வேலையில்தான் ஆளாக்கினார். சோறு போடுகிற இடமும் கோயில்தான் என்று நினைப்பவர். வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் உள்ளே போக மாட்டார். அப்படிப்பட்டவரைத்தான் போன ஆயுத பூஜை தலைகுனிய வைத்துவிட்டது.

அதற்கு முந்தின மாதம், வயரிங் வேலை பார்க்கும் வீரய்யா வந்து, வைத்தியம் செய்கிற அறையில் புதிதாக மூன்று பிளக் பாயிண்ட் போட்டார். வாய் கொப்பளிக்கிற தொட்டியை விட்டுத் தள்ளி வைத்து, மூன்றுக்கும் எர்த் இழுத்து, கதவோரம் ஒரு ட்ரிப் சுவிட்சும் மாட்டினார்.

"வாயில ஈரம், கையில ஈரம், நீங்க தொடைக்கிற தரையிலயும் ஈரம். எங்கயாச்சும் கரண்ட் கசிஞ்சா இது தானா விழுந்து ஆளக் காப்பாத்திரும்க்கா" என்று செவந்தி அக்காவிடமும் காட்டினார்.

பூஜையன்று டாக்டர் சிவரஞ்சனி சாமி கும்பிட்டுவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டார். அக்காவுக்கு மனசு ஆறவில்லை. நாற்காலிக்குப் பொட்டு வைத்தாயிற்று, விளக்குக்கு வைத்தாயிற்று. இதையெல்லாம் ஓட வைக்கிற பாயிண்டை மட்டும் விடலாமா? மீதிச் சந்தனத்தில் பன்னீரைத் தாராளமாக ஊற்றிக் குழைத்து மூன்றுக்கும் வைத்தார். மேலே குங்குமமும் இட்டார். சந்தனம் வழிந்து ஓட்டைக்குள் இறங்கியதை அவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் நாற்காலியின் சுவிட்சைப் போட்டதும் ட்ரிப் படக்கென்று விழுந்தது. முந்தின நாள் வைத்த பொட்டு அக்காவுக்கு நினைவு வந்தது. துணியை எடுத்து மூன்று பொட்டையும் தடம் தெரியாமல் துடைத்துவிட்டார். டாக்டரம்மா வந்ததும் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அன்றைக்கு முதல் ஆளாகக் கன்னம் வீங்கி வந்திருந்தவர் விவசாயி உடையப்பன். டாக்டரம்மா வீரய்யாவை வரவழைத்து எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டார்.

"போன மாசந்தானே போட்டீங்க? இதுதான் ஒங்க வேலையா? புதுக்கோட்டையிலருந்தே ஆளக் கூப்புட்டிருக்கணும்."

வீரய்யா ஒவ்வொரு பாயிண்டாகப் போட்டுப் பார்த்தார். மூன்றிலும் ட்ரிப் விழுந்தது.

"ஏப்பா, பல்லப் புடுங்க வந்தா நீ பீசப் புடுங்கிக்கிட்டு நிக்கிறியே" என்றார் உடையப்பன், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"மூணுமா ஒண்ணாக் கெட்டுப்போகும்? ட்ரிப்புலதான் கோளாறு இருக்கணும்" என்றார் வீரய்யா.

"அப்ப அந்த ட்ரிப்ப விட்டுட்டு கரண்ட நேராக் குடுங்க. பெரியவரு வலியில துடிக்கிறாரு" என்றார் டாக்டரம்மா.

வீரய்யா தயங்கினார். ஆனால் பேச்சு வாங்கிய முகம். "இன்னிக்கு மட்டுந்தான்" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். உடையப்பன் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார்.

'தாயே, ஒன் பேரச் சொல்லித்தானே வச்சேன்' என்று உள்ளுக்குள் கதறிய அக்கா, சத்தமாகவே கத்திவிட்டார்.

"தம்பி, குடுக்காத! அதுல நான்தான் சந்தனம் வச்சேன். ட்ரிப் விழுந்ததும் பயந்து தொடைச்சுப்புட்டேன்."

வீரய்யா மெயினை நிறுத்திவிட்டு பாயிண்டின் மூடியைக் கழற்றினார். உள்ளே சந்தனம் குங்குமத்தோடு கலந்து, காயாமல் செக்கச்செவேலென்று அப்பிக் கிடந்தது. வீரய்யா அக்கா பக்கம் திரும்பினார்.

"நான் வந்தவுடனே சொல்லியிருந்தா இந்தப் பேச்சு வாங்கியிருக்க மாட்டேன்லக்கா."

அக்காவால் நிமிர முடியவில்லை.

மூன்றையும் கழற்றிப் புதிதாக மாட்டி, உடையப்பனின் பல்லைப் பிடுங்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. மறுவாரம் அவர் ஒரு குலை இளநீரோடு வந்து, "என் உசுரக் காப்பாத்துன தாயி" என்று எல்லார் முன்னாடியும் கும்பிட்டார். திட்டியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார். அந்தக் கும்பிடைத் தாங்க முடியவில்லை. குலையைத் தூக்கிக்கொண்டு நேரே வீரய்யா வீட்டுக்குப் போனார்.

"எதுக்குக்கா இது?"

"காப்பாத்துனது நீ வச்ச ட்ரிப்பு, தம்பி. நான் கெடுக்கப் பாத்தவ."

வீரய்யா அரிவாளை எடுத்து இளநீர் ஒன்றைச் சீவி அக்காவிடமே நீட்டினார்.

"குடிங்க. அடுத்த வருசம் அந்தப் பொட்ட என் நெத்தியில வையுங்க."

வீரய்யா சிரித்தார். அக்கா வாங்கிக் குடித்தார். சிரிக்க மட்டும் வரவில்லை.