டகோட்டாவுக்கு மருதாணி

ஹுமைரா இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. கணவர் ஜாஃபர் சாதிக் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருக்கிறார். அவரை வழியனுப்பத் திருச்சி வரை போவார், கண்ணாடிக் கதவோடு திரும்பிவிடுவார். திருத்துறைப்பூண்டியில் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி வைப்பது அவருடைய தொழில். இப்போதெல்லாம் எந்தச் சாதி, எந்த மதக் கல்யாணமானாலும் முதல் நாள் சாயங்காலம் ஹுமைரா வந்து உட்கார்ந்தாக வேண்டும். அப்படிப்பட்டவர் ஒரு டகோட்டா விமானத்தின் உடம்பு முழுக்க ரிவெட் ஆணி அடித்தார் என்றால், இந்த ராஜராஜனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்பீர்கள். என்னவோ சொல்லிக்கொள்ளுங்கள், நான் கண்ணால் பார்த்தவன்.

விமானம் என்றால், முழங்கை நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் மாதிரி. என் அக்கா ஞானாம்பாளின் கணவர் பஞ்சநதம் அத்தானுடையது. அத்தான் விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவர். இறக்கை கிழிந்தால், உடம்புத் தகடு நசுங்கினால் சரிசெய்கிற வேலை. ஓய்வுபெற்று எங்கள் ஊரோடு வந்து தங்கியவருக்குக் கொஞ்ச காலமாக நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் நிழல் தெரியும், எதிரே நிற்பவன் முகம் தெரியாது. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

பெங்களூரில் இருக்கும் மகள் பிரகதீஸ்வரிக்கு வேறொரு பயம். அப்பாவுக்குக் கண்ணோடு சேர்ந்து ஞாபகமும் போகிறதோ என்று. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், ஆளை மாற்றிக் கூப்பிடுகிறார், இனி என்னோடுதான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். “கண்ணுதாண்டி போச்சு, மூளை இருக்கு!” என்று அத்தான் போனில் கத்துவார். வைத்த பிறகு, தன்மேலேயே சந்தேகம் வந்தவராக, “இன்னைக்கு என்ன கிழமை ராஜா?” என்று என்னிடம் கேட்பார். அந்தக் கேள்விதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பிளாஸ்டிக் விமானத்தை வாங்கி அனுப்பியதும் பிரகதிதான். துண்டு துண்டாக வந்ததை நானும் அத்தானும் ஒட்டிச் சேர்த்தோம். நடவு நேரத்தில், வாய்க்காலில் தண்ணீர் ததும்பிக்கொண்டிருக்க, நான் வீட்டுக்குள் பிளாஸ்டிக் வாலை ஒட்டிக்கொண்டிருந்ததை ஊரே பேசிச் சிரித்தது. எல்லாம் முடிந்து அத்தான் இறக்கையைத் தடவிப் பார்த்தார். முகம் சுருங்கிப்போயிற்று.

“இது டகோட்டா இல்லடா ராஜா. சோப்புக்கட்டி.”

“ஏன் அத்தான்?”

“வழவழன்னு இருக்கு. டகோட்டான்னா தொட்டாத் தெரியணும். தகடு மேல தகடு ஏறியிருக்கும், ஓரம் பூரா ரிவெட் தலை நிக்கும்.”

என் மகள் கல்யாணத்தில் ஹுமைரா வைத்த மருதாணி எனக்கு நினைவு வந்தது. காய்ந்த பிறகு கையில் மேடு கட்டி நின்றதே! மறுநாளே போய் அழைத்து வந்தேன்.

“கையைக் காட்டுங்கன்னுதான் கேட்டுப் பழக்கம். நீங்க இறக்கையைக் காட்டுறீங்களேண்ணே” என்று ஹுமைரா சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை. அன்றைக்கே கணவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் ஓய்வு நேரத்தில் ஒரு விமானத்தின் அடியில் நின்று போனைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். அடுத்த நாள் வந்த ஹுமைராவின் கண் அகலமாக இருந்தது. “சார், பிளேன்னா மீன் மாதிரி வழுக்குன்னு இருக்கும்னு நெனச்சேன். உடம்பு பூரா பொட்டு சார்! எத்தனை பேரு உக்காந்து வச்சாங்களோ!”

அத்தான் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன். “வச்சவன்ல ஒருத்தன்தாம்மா நான்.”

தச்சர்கள் போடும் வெள்ளைப் பசையை ஹுமைரா மருதாணிக் கோனில் அடைத்தார். முதலில் பொட்டு ஓடிப் பரவியது. பிறகு காய்ந்து அமுங்கியது. பசையைக் கிண்ணத்தில் காற்றாட வைத்து, கொஞ்சம் இறுகிய பிறகு அடைத்துப் பார்த்தார். டிபன் மூடியின் மேல் வரிசையாக வைத்த பொட்டுகள் அப்படியே நின்றன. கசகசாவை விடச் சிறியவை. அத்தானின் விரலடியில் மூடியை நீட்டினார். அத்தான் தடவினார், மறுபடி தடவினார். “இதான்” என்றார்.

அன்று முதல் மதியத் தொழுகை முடிந்ததும் ஹுமைரா வந்துவிடுவார். இறக்கையில் டேப்பை நேராக ஒட்டி, அதன் ஓரமாகக் கோனை நகர்த்துவார். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே நெருக்கம், எங்கே இடைவெளி, எங்கே இரட்டை வரிசை என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒரு வரிசை முடிகிற வரை அந்த அம்மாள் மூச்சு விடுவது தெரியாது. வயலில் கயிறு பிடித்து நட்டாலும் எங்கள் ஆட்களுக்கு வரிசை கோணும். இவர் கை ஒரு மயிரிழை கோணவில்லை. நான் வம்புக்காகவே ஒரு பிழை தேடினேன். கிடைக்கவில்லை. பிறகு வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் ஒரு கை என்ன செய்துவிட முடியும் என்று மலைத்துப்போனேன்.

வெள்ளிச் சாயம் அடித்த பிறகு, இஞ்சினுக்குப் பின்னால் புகை படிந்த கறையைக் கண்மையால் இழுத்தார். “தடவினா தெரியாதே, எதுக்கும்மா?” என்றார் அத்தான். “நீங்க விரலால பாப்பீங்க சார். நாங்க கண்ணால பாக்க வேணாமா?”

கடைசியாக ஒட்டு. அத்தான் சொன்னதையே சொல்கிறார் என்று பிரகதி குறைப்பட்ட கதை இதுதான். வடகிழக்கு மலையில் ஒரு சின்ன ஓடுதளம். இறங்கும்போது இடது இறக்கையின் முனை மூங்கிலில் உரசிக் கிழிந்துவிட்டது. அத்தான் குளிரில் விரல் விறைக்க, ஒட்டுத் தகடு வைத்து ரிவெட் அடித்தார். “அடிச்சவனே முதல்ல ஏறு” என்றாராம் விமானி. ஏறி, வழி நெடுக ஜன்னலோரம் அந்த ஒட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அது பிய்ந்திருந்தால் பிரகதியே பிறந்திருக்க மாட்டாள். மாத்திரை அட்டையின் பின்புறத் தகட்டை வெட்டி, மூலைகளை வளைவாக நறுக்கி, ஹுமைரா விமானத்தையே தன் வீட்டுக்கு எடுத்துப்போய் அந்த ஒட்டைப் பதித்துக் கொண்டுவந்தார்.

அறுவடை சமயத்தில் பிரகதி வந்தாள். அப்பாவை அழைத்துப் போவதென்ற முடிவோடுதான் வந்தாள். அவள் வரட்டும் என்று, ஹுமைரா கொண்டுவந்தபடியே துணி சுற்றி வைத்திருந்த விமானத்தைப் பிரித்து மேசையில் வைத்தோம். அத்தான் இரு கையாலும் தொட்டார். நான் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. அவர் விரல் வாலிலிருந்து நடந்தது. “இது கதவு… இது சட்டம்… இங்க எண்ணெய் மூடி…” ஒவ்வொரு வரிசையும் அவருக்குப் பதில் சொன்னது. அந்த முகத்தைப் பார்த்தால் கண் இல்லாதவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இடது இறக்கை முனையில் ஒட்டு வந்தது. “வந்துட்டியா” என்று அதனிடம் சொன்னார்.

பிறகு வலது இறக்கைக்குப் போனார். முனையில் விரல் நின்றது.

மறுபடி தடவினார். இடதுக்கு வந்தார். வலதுக்குப் போனார்.

“ரெண்டு பக்கமும் போட்டேனா? இடதுதானே… ஞானம், நான் இடதுன்னுதானே சொல்லுவேன்?”

அக்கா குனிந்து வலது இறக்கையைப் பார்த்தார்; அங்கேயும் ஒரு ஒட்டு இருந்தது. பிரகதி தன் அம்மாவைப் பார்த்த பார்வையில், நான் சொன்னேன் பார்த்தீர்களா என்பது இருந்தது. அத்தான் விமானத்தை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான், மனிதர் ஒடிந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஹுமைரா முன்னால் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“சார், அது என் தப்பு. நீங்க இடதுன்னுதான் சொன்னீங்க. மணப்பொண்ணுக்கு ஒரு கையில வச்சா மறு கையிலயும் அதே மாதிரி வரணும். இல்லைன்னா மூளின்னு சொல்லிடுவாங்க. வீட்டுல உக்காந்து, கை பாட்டுக்கு அந்தப் பக்கமும் வச்சிடுச்சு. எனக்கே இப்பதான் தெரியுது.”

“என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றியாம்மா?”

“அல்லா மேல ஆணையா இல்ல சார்.”

வைத்த மருதாணியை இதுவரை எந்தக் கையிலிருந்தும் பிய்க்காதவர், எல்லாரும் பார்க்க வலது இறக்கை ஒட்டை நகத்தால் நெம்பினார். சுற்றியிருந்த பொட்டுகளும் சாயமும் சேர்ந்தே உரிந்து வந்தன. எங்கள் கண்ணுக்கு அது அசிங்கமான ஒரு திட்டு. அத்தானின் விரலைப் பிடித்து அங்கே வைத்தார்.

அத்தான் தடவினார். வழவழப்பு. போனார், வந்தார், வழவழப்பு. கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

“பிரகதி, இங்க வா. தொட்டுப் பாரு. இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லம்மா!”

ஒன்றுமில்லாத இடத்தைத் தொட்டு ஒரு மனிதன் இப்படி மகிழ்வான் என்று எனக்குத் தெரியாது. பிரகதி தொட்டாள். அவளும் அழுதாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, அப்பாவின் முன் கையை நீட்டினாள்.

“அந்த ஒட்டு எங்கப்பா இருக்கு? என் விரலைக் கூட்டிட்டுப் போங்க.”

அத்தான் அவள் விரலைப் பிடித்து, ஒரு தடுமாற்றமும் இல்லாமல், இடது இறக்கையின் முனைக்கு அழைத்துப் போனார்.