நான் பூட்டிய யன்னல் கம்பி

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்களாக யோசித்தேன். வெட்கம்தான் தடுத்தது.

கனடாவில் ஸ்காபரோவில் வீடு வாங்கியதும், மோட்கேஜ் என்ற வீட்டுக்கடனைக் கட்ட உதவும் என்று, நிலத்துக்குக் கீழிருந்த பேஸ்மென்ற்றை எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்றுக்கு வாடகைக்கு விட்டேன். அந்தக் குடும்பத்தில் கணவருக்கு இரண்டு வேலை. அவர் மனைவி, எனக்குத் தங்கச்சி மாதிரி, கைக்குழந்தையோடு தனியே இருப்பாள்.

"யன்னல் நிலத்தோட கிடக்கு அண்ணை. கள்ளன் வந்திடுவான் எண்டு பயமாக் கிடக்கு" என்றாள்.

ஊர் வீடுகளில் இருப்பதுபோல நானே யன்னலில் நெருக்கமாகக் கம்பி வைத்துப் பூட்டினேன். "இனிப் பூனையும் வராது பிள்ளை" என்று பகிடியும் விட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சுவாமிக்கு விளக்கேற்றும்போது கீழே அவள் குளறி அழும் சத்தம் கேட்டது. சட்டியில் எண்ணெய் தீப்பற்றி, வெளியே வர இருந்த ஒரே வழியான, அடுப்புக்குப் பக்கத்துப் படிக்கட்டு முழுவதும் புகை. வெளியால் யன்னலுக்கு ஓடினேன்.

"அண்ணை, பிள்ளையை எண்டாலும் பிடியுங்கோ."

பிள்ளையின் கை மட்டும்தான் கம்பிக்கு வெளியே வந்தது. கம்பியை இழுத்தேன்; அசையவில்லை.

திரும்பி ஓடி, ஈரப் போர்வையைச் சுற்றிக்கொண்டு படியால் இறங்கி, சட்டிக்கு மூடி போட்டு நெருப்பை அணைத்தேன். முருகன்தான் எங்களைக் காப்பாற்றினான். அன்றே கம்பியை அறுத்தெறிந்தேன்.

இப்போது யாரோடும் வாடகை பேசுமுன் அந்த யன்னலால் நானே ஒருதரம் வெளியே ஏறிப் பார்க்கிறேன். முழங்கால் நோகிறது. ஆனாலும் ஏறுகிறேன்.

வீடு வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கு இதை அப்படியே சொல்லுங்கள். நல்ல எண்ணத்தில்தான் பூட்டினார் என்று எனக்காக ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம்.