கிரீஸ் அடைத்த குழல்

1980இல் இரண்டு தேர்தல்கள் வந்தன. ஜனவரியில் நாடாளுமன்றத்துக்கு, மே மாதம் சட்டமன்றத்துக்கு. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். என் மனைவியின் தம்பி முதல் தேர்தலுக்குக் கொடுத்த ஒற்றைக்குழல் துப்பாக்கியை இரண்டாவது முடிந்த பிறகும் கேட்கப் போகவில்லை. புரட்டாசியில்தான் போனான். காட்டுப்பன்றிகள் அவனைப் போக வைத்தன.

குறிஞ்சிப்பாடிக்கு மேற்கே அவனுக்கு இருந்த கொஞ்ச நிலம் முழுவதும் அந்த ஆண்டு மல்லாட்டை என்கிற நிலக்கடலை. பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வெட்டிக் கொட்டிய மண்மேடுகளில் முள் மண்டிப் பன்றிகள் பெருகியிருந்தன. விடிந்து பார்த்தால் நிலத்தில் ஒரு மூலை உழுது போட்டது போலக் கிடக்கும். அந்த மகசூலும் போனால் அவனுக்கு மறுபடி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் கூலிதான். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் குனிந்தபடியே சிந்திய நிலக்கரியை அள்ளும் வேலை. ஒரு வருடம் செய்துவிட்டு, இனிச் செத்தாலும் அங்கே போவதில்லை என்று வந்தவன் அவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டு வந்தான். குழலுக்குள் பார்த்தேன். வெளிச்சமே தெரியவில்லை.

"என்னடா, தாரா ஊத்தி வச்சிருக்கே?"

"தார் இல்ல மாமா, கிரீஸு. மைன்ஸ்ல அம்மாம் பெரிய மிஷினுக்கே அதான் அடிக்கிறாங்க. துரு அண்டாதுன்னு கொடுக்கறதுக்கு மின்னாடி ரொப்பி வச்சேன்."

"அதுக்கு முன்னாடி கழுவினியா?"

"துப்பாக்கிய எவனாச்சும் தண்ணி ஊத்திக் கழுவுவானா?"

அவன் தோட்டாவில் அடைப்பது கருமருந்து. அது எரிந்து விடுகிற கசடு உப்பு போன்றது, காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் கரையாது, வெந்நீரில்தான் கரையும். இதைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு வேட்டைக் கையேட்டில் படித்திருந்தேன். அவன் கசட்டின் மேலேயே கிரீஸைப் பூசி மூடிவிட்டான். உள்ளே உப்பு தன் பாட்டுக்கு இரும்பைத் தின்றுகொண்டிருந்தது. எந்தக் கோளாறுக்கும் கிரீஸ் டப்பாவைத் தேடும் சுரங்கத்தில் வேலை பார்த்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

குழலைக் கழற்றி, அடியில் கந்தல் அடைத்து, மண்ணெண்ணெய் நிரப்பி மத்தியானம் வரை ஊறவிட்டோம். பிறகு இரும்புக் கம்பியில் தேங்காய் நாரைச் சுற்றி இழுக்க, கறுப்புக் களி கட்டி கட்டியாக வந்தது. அடுத்தது, குளிக்கிற அண்டாவில் காய்ச்சிய வெந்நீர். ஊற்ற ஊற்ற டிகாக்‌ஷன் மாதிரி வழிந்தது.

"என் அண்டாவுல இனிமே யாரு குளிப்பா? ஒரு பன்னித் தொடையாச்சும் குடுத்துட்டுப் போடா" என்றாள் என் மனைவி.

"ரெண்டு தொடை தர்றேன், இன்னொரு அண்டா போடுக்கா."

அப்படியும் தோட்டா போடும் பூட்டுப் பக்கம் ஒரு படலம் அசையவில்லை. பித்தளை வலையைக் கம்பியில் இறுக்கிச் சுற்றி, இருவரும் மாறி மாறித் தேய்த்தோம். சாயங்காலம் உள்ளே விட்ட வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வந்தது.

"கண்ணாடி மாமா!"

வெளிச்சத்துக்கு நேரே குழலைப் பிடித்துப் பார்த்தேன். தோட்டா உட்காரும் இடத்தைத் தாண்டி, இடது கை பிடிக்கிற பகுதியில், அம்மைத் தழும்பு போலக் குழிகள் சுற்றிலும். முனை வளைத்த கம்பியை விட்டு இழுத்தால் ஒவ்வொன்றிலும் மாட்டியது. இத்தனை நாளும் அழுக்கு அதை மறைத்திருந்தது.

"இதுல சுடாதடா, கையிலயே வெடிச்சிடும்."

"நீங்க குவார்ட்டர்ஸ்ல குந்திக்கினு சொல்லுவீங்க. பன்னி வந்தா நான் என்ன தமுக்கா அடிக்கிறது?"

"கை போனா மல்லாட்டைய எதால புடுங்குவே?" என்றாள் என் மனைவி. "மரத்துல கட்டி, தூர இருந்து கயித்த இழுத்துப் பாரு. தாங்குச்சுன்னா தோள்ல வை."

மறுநாள் லீவு போட்டுவிட்டு நானும் போனேன். துப்பாக்கியைப் பனைமரத்தோடு சேர்த்துக் கட்டி, வரப்புக்குப் பின்னால் படுத்து, விசையில் கட்டிய கயிற்றை இழுத்தோம். முதல் வெடி தாங்கியது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். இன்னொன்று போடச் சொன்னேன். இரண்டாவதன் சத்தமே வேறு மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தபோது, கை பிடிக்கும் இடத்தில் குழல் நீளவாக்கில் பிளந்து விரிந்திருந்தது. அடியிலிருந்த மரப்பிடியைக் காணவில்லை.

அவன் பிளந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தான்.

"கழுவாமயே இருந்திருக்கலாம் மாமா. அந்தக் கருப்போட செவுத்துல மாட்டி வச்சிருந்தா, துப்பாக்கி இருக்குதுன்னு ஒரு தெம்பாவது இருந்திருக்கும்."

பிறகு தகர டின்னைத் தட்டிக் காவல் இருந்தான். சில நாட்களில் பன்றிகளுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. ஐப்பசி முடிவதற்குள் நிலம் முழுவதையும் கிளறிவிட்டன. மிஞ்சிய கொடியை மாட்டுக்கு அறுத்துப் போட்டான்.

கார்த்திகையில் ஒரு காலை, கான்ட்ராக்டர் லாரி வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். என் மனைவி டிபன் பாக்ஸில் சோறு போட்டு நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் அவள் முன் விரித்துக் காட்டினான்.

"பத்து வெரலும் பத்திரமா இருக்குதுக்கா, கரி அள்ள."