ஏழாம் நம்பர் மலையில் ஒரு பலகைக்கல்

வரிசையில் கடைசியாக வருகிறவர் அங்கே விடப்பட்டவரா, தானாகப் போய் நின்றுகொண்டவரா? முப்பத்துநாலு வருடம் ஒரே மலையேற்றக் குழுவின் வாலில் நடந்த ஒரு பெண்மணியிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டியவர் அவருடைய கணவர். அவர் செருப்புக்கடை வைத்திருந்தார். நடப்பதென்றால் அவருக்கு வேப்பங்காய்.

"செருப்பு விக்கிறவன் நடந்தே ஆகணும்னு சட்டமா? சவப்பெட்டி விக்கிறவன்கிட்ட போய் இதைக் கேப்பீங்களா?" என்பார்.

குழுவில் அந்த அம்மாளுக்கு வாலக்கா என்று பெயர். கூட்டமாக மலை ஏறும்போது முன்னால் வழிகாட்ட ஒருவர் வேண்டும். யாரும் விடுபட்டுப் போகாமல் பார்க்கப் பின்னால் ஒருவர் வேண்டும். பின்னால் வருகிறவருக்குச் சிவப்புச் சட்டையும் ஒரு விசிலும் உண்டு. அவருக்குப் பின்னால் எவரும் இருக்கக் கூடாது என்பதுதான் வேலை. அதை வாலக்கா முதல் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டார். பிறகு யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மற்ற ஆறு நாட்களும் அவர் தராசு செய்யும் பட்டறையில் கடைசிப் பரிசோதனை மேஜையில் உட்கார்ந்திருந்தார். காற்று பட்டால் முள் ஆடும் என்பதால் அந்த அறையின் ஜன்னலைத் திறப்பதில்லை. விரலின் ஈரம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் எடைக்கற்களை இடுக்கியால்தான் எடுப்பார். அரை கிராம் பிசகினாலும் தராசு வந்த வழியே திரும்பிப் போகும். "ஏம்மா, வாங்குறவனுக்கே தெரியாதே!" என்று முதலாளி ஒருநாள் தலையில் அடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியுதே சார்" என்றார் வாலக்கா.

இந்தக் குணத்தை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் கடைக்காரரின் தலையெழுத்து. வீடும் கடையும் ஒரே கட்டடம், நடுவில் ஒரு திரை. "ரெண்டு நாள் போட்டா லூசாயிடும் சார்" என்று அவர் வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பார். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும்: "ஆகாதுங்க. அடுத்த சைஸ் குடுங்க."

குழு பிறந்ததே அந்தக் கடையின் பின்னறையில்தான். செருப்புப் பெட்டிகள் மேல் உட்கார்ந்து ஏழு பேர் ஆரம்பித்தார்கள், ஏழாவது வாலக்கா. ஊருக்கு மேற்கே ஏழு மலைகள். வரைபடத்தில் அவற்றுக்குப் பெயர் இல்லை, ஒன்று முதல் ஏழு வரை நம்பர்தான். குழு வளர்ந்து நாற்பது பேரானதும், அந்த மலைகளுக்கு முன்னோடிகளின் பெயரை வைக்கவேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை வந்தது. நில அளவை அலுவலகமும் ஆச்சரியமாக ஒப்புக்கொண்டது.

ஆறு மலைகளுக்கு மற்ற ஆறு பேரின் பெயரையும் வைத்தாயிற்று. அதன் பிறகு ஊரில் பேச்சே ஒரு தினுசாக மாறிப்போனது. 'கணக்கு டீச்சர் மீது அடர்ந்த மூடுபனி' என்று வானிலை அறிக்கை வந்தது. "நேத்து என் மேல ரெண்டு பேர் வழி தவறிட்டாங்களாம்" என்று ரொட்டிக்கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார். குழுவின் செயலாளரான பல் டாக்டர் மாதம் ஒருமுறை தன் மலையில் தானே ஏறி, குப்பை பொறுக்கிவிட்டு இறங்கினார். "என்னை நான்தானே சுத்தமா வச்சுக்கணும்?"

மிச்சம் ஏழாம் நம்பர். அது வாலக்காவுக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சிக்கல் விதியில் இருந்தது. பெயர் பெறுகிறவர் உச்சியில் நின்றவராக இருக்கவேண்டும். அதற்குச் சான்று, உச்சியில் தகர டப்பாவுக்குள் இருக்கும் நோட்டில் அவர் போட்ட கையெழுத்து. பல் டாக்டர் முப்பத்துநாலு வருட நோட்டுகளைப் புரட்டினார். வாலக்காவின் கையெழுத்து இல்லை. மற்ற ஆறு மலைகளின் நோட்டுகளையும் புரட்டினார். அவற்றிலும் இல்லை.

மூச்சிரைக்கக் கடைக்கு ஓடிவந்தார். "அக்கா, நீங்க எந்த உச்சிக்குமே போனதில்லையா?"

"எங்க போக விட்டாங்க?" என்றார் வாலக்கா. "ஒவ்வொரு வாரமும் பாதியில யாராவது ஒருத்தர் 'என்னால ஆகாது'ன்னு உக்காந்துடுவாங்க. அவங்களை யாரு கூட்டிட்டு எறங்குறது?"

"ஆயிரத்தெழுநூறு ஞாயித்துக்கிழமைக்கா!"

"எண்ணினது நீங்க. நடந்தது நான்."

நில அளவை அதிகாரி நேரில் வந்து பார்க்க ஒப்புக்கொண்டார். அவர் கண்ணெதிரே வாலக்கா உச்சியில் நின்றால் போதும். அன்றோடு கோப்பை மூடிவிடுவார். தவறினால் ஏழாம் நம்பர் ஏழாம் நம்பராகவே இருக்கும். ஏறுவதற்கு முந்தின இரவு வாலக்கா சிவப்புச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டினார். இத்தனை வருடத்தில் அவர் அதற்கு இஸ்திரி போட்டுக் கடைக்காரர் பார்த்ததில்லை. அதனால்தான் அவரும் கிளம்பினார், முப்பத்துநாலு வருடத்துக்குப் பிறகு, கடையிலேயே நல்ல ஜோடியை மாட்டிக்கொண்டு.

அன்று வாலக்காவை முன்னால் நடக்கச் சொன்னார்கள். நாற்பது பேரும் மரியாதையாகப் பின்னால் வந்தார்கள். பத்தடி போனதும் அவர் நின்று திரும்பித் தலைகளை எண்ணினார். இன்னும் பத்தடி போய்க் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார், மற்றவர்கள் தாண்டிப் போகட்டும் என்று. யாரும் தாண்டவில்லை. அவர் கட்டி முடிக்கும் வரை மொத்தக் குழுவும் சரிவில் ஒற்றைக்காலில் நின்றது.

"முன்னால போங்கக்கா!"

"பின்னால ஆள் இருந்தா எனக்கு முதுகு கூசுதுப்பா. நீங்க முதல்ல போங்க."

"நீங்க போனாத்தான் நாங்க போவோம்."

பத்து மணிக்கு முடியவேண்டிய ஏற்றம் ஒரு மணி வரை இழுத்தது. உச்சிக்கு எண்பதடி தூரம் முன்னால் ஒரு பாறை உண்டு; அங்கிருந்து வழி ஒரு பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறும். வழக்கமாக முடியாதவர்கள் உட்காரும் இடம். அங்கே ஒரு பலகைக்கல் கிடக்கும். அதிகாரி தொப்பென்று அதில் உட்கார்ந்தார்.

"இதுக்கு மேல ஒரு அடி வைக்க மாட்டேன். என்னைத் தூக்கவும் கூடாது. உச்சியில நான் இல்லாம அவங்க நின்னா செல்லாது, சொல்லிட்டேன்."

கூட்டம் திகைத்தது. கடைக்காரர் மட்டும் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான மூன்றாம் வாரம் குழு முதன்முதலில் ஏறியபோது, இந்தப் பாறையில் உட்கார்ந்து 'என்னால ஆகாது' என்ற முதல் ஆசாமி அவர்தான். பாறை சரிவாக இருக்கிறது, இடுப்பு வலிக்கிறது என்று வேறு முனகினார். வாலக்கா சற்றுக் கீழே சரிவிலிருந்து இந்தக் கல்லைப் புரட்டிக்கொண்டுவந்து, அடியில் சின்னக் கற்களைச் செருகி, ஆடாமல் வைத்து, "இப்ப உக்காருங்க" என்றார். பார்த்தவர் வேறு யாரும் இல்லை.

அதிகாரி, சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டோ என்னவோ, கருவியை எடுத்து அளந்தார். புருவம் நெளிந்தது. பல் டாக்டரை அளவுகோலோடு டப்பா இருக்கும் இடத்துக்கு விரட்டினார். மறுபடி அளந்தார். மூன்றாம் தடவையும் அளந்தார்.

"நான் உக்காந்திருக்கிற இடம் அதைவிட நாலு விரல்கடை உசரம்."

"அப்படின்னா?" என்று அங்கிருந்து கத்தினார் பல் டாக்டர்.

"உச்சி இதுதான்னு அர்த்தம்."

"அப்போ நாங்க முப்பத்துநாலு வருஷமா ஏறினது?"

"அது பக்கத்துல ஒரு மேடு."

கூட்டத்தில் பத்துப் பதினைந்து பேர் ஆர்ப்பரித்தார்கள். இங்கேயே உட்கார்ந்து திரும்பிப் போனவர்கள் அவர்கள். ஒருவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. "நான் ஏழு தடவை ஏறியிருக்கேன்! ஏழு தடவை!" கையெழுத்துப் போட்டவர்களோ டப்பாவைச் சுற்றித் துக்க வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள்.

அதிகாரி படிவத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தவர் எழுந்து குனிந்தார். கல்லை விரலால் தட்டினார். கல் ஒரு சாண் கனம்.

"இது இயற்கையா இருந்த கல்லா, இல்ல யாராவது கொண்டுவந்து வச்சதா? வச்சதுன்னா கணக்குல சேராது. அப்போ அந்த மேடுதான் உச்சி. நான் வீட்டுக்குப் போயிடுவேன்." வாலக்காவைப் பார்த்தார். "நீங்கதான் ஆரம்பத்துலேருந்து இங்க வர்றீங்களாமே. சொல்லுங்கம்மா."

கடைக்காரர் 'ஆகாது, அடுத்த சைஸ் குடுங்க' என்ற குரலுக்காகக் காத்திருந்தார். அந்தக் குரலோடு குடித்தனம் நடத்தியவர் அவர். அது என்ன சொல்லும் என்று தெரியும். இஸ்திரி போட்ட சிவப்புச் சட்டையை நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

வாலக்கா கல்லருகே போனார். குனிந்து, அடியில் செருகியிருந்த சின்னக் கல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை, ஷூ நுனியால் மெல்ல உள்ளே தள்ளினார்.

"மலையோட கல்லுதாங்க" என்றார். "நான் பாத்த நாள்லேருந்து இங்கதான் இருக்கு."

அதிகாரி எழுதிக்கொண்டார். வாலக்கா கல்லின் மேல் ஏறி நின்றார், இறங்கினார், விசிலை ஊதினார். முதலில் அதிகாரி மலையிறங்கினார், பிறகு எல்லோரும், கடைசியில் அவர்.

கடைக்காரர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். அதற்குள் பட்டறையில் மூன்று தராசுகள் அரை கிராமுக்காகத் திரும்பிப் போயிருந்தன. சனிக்கிழமை சாப்பிடும்போது கேட்டேவிட்டார்.

"ஏம்மா, அந்தக் கல்லு..."

"எந்தக் கல்லு?" என்றார் வாலக்கா. "ஆறிப்போகுது, சாப்பிடுங்க."