சவுண்ட் செக்குக்கு வந்த அம்மா

பெங்களூரில் ஒரு நைட் கிளப்பில் எனக்கு சவுண்ட் வேலை. சினிமாப் பாட்டே போடாத இடம் அது. நெஞ்சுக்கூட்டை உலுக்கும் அந்தச் சத்தத்துக்காகவே ஆட வருவார்கள். அம்மா என்னைப் பார்க்க வந்திருந்தபோது ஒரு மதியம் அங்கே கூட்டிப் போனேன். ஏழாயிரம்பண்ணையில் அவள் வேலை பார்த்த பட்டாசு கம்பெனி வெடித்ததில் உயிர் தப்பினாள். ஆனால் காது இரண்டும் போய்விட்டன. பாட்டுக் கேட்காவிட்டாலும் அதிர்வை உடம்பால் உணர்வாளே என்று எனக்கு ஆசை.

ஆளில்லாத ஹாலில் அவளை ஸ்பீக்கருக்கு முன்னால் உட்காரவைத்து சவுண்டைக் கூட்டினேன். தரை அதிர்ந்தது. அம்மா பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஓடுலே! நிக்காத, ஓடு!"

கத்திக்கொண்டே தெருவரைக்கும் என்னை இழுத்து வந்துவிட்டாள். வெயிலில் மூச்சு வாங்க நின்று கதவையே பார்த்தாள். "உள்ள எம்புட்டுப் பேருலே இருந்தாக?"

யாருமில்லை, அது வெறும் பாட்டு என்று சைகையில் புரியவைக்க நேரமானது. புரிந்த பிறகும் அவள் கோபப்படவில்லை. "நல்ல பாட்டாத்தாம்லே இருக்கும். எனக்குத்தான் தெரியல" என்று என்னைச் சமாதானப்படுத்தினாள். ஊருக்கு பஸ் ஏற்றிவிடும்வரை அவள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.