அன்னைக்கு வண்டியில யார் யார் இருந்தீங்க?

"அன்னைக்கு வண்டியில யார் யார் இருந்தீங்க?" என்று கேட்ட பிறகுதான் அப்துல் கையூம் ஸ்பேனரைத் தொடுவார். வந்தவர் அதற்குள் பாதிக் கதையைச் சொல்லியிருப்பார்: ஏற்றத்தில் திக்குகிறது, மிதித்தால் எகிறாமல் யோசிக்கிறது, பிக்கப் செத்துப்போச்சு. கையூம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அது கவனம் அல்ல, அலுப்பு. ஒரு பக்கம் சிறுமலை. கொடைரோட்டைத் தாண்டிப் போனால் கொடைக்கானல் மலை. நடுவே திண்டுக்கல் நாகல் நகரில் பழைய கார்களுக்குப் பட்டறை வைத்திருப்பவர் வாழ்நாள் முழுக்கக் கேட்கக்கூடிய புகார் இது ஒன்றுதான். "மலைய இங்கன கொண்டாந்து வச்சவன் யாருன்னு தெரிஞ்சா தேவல" என்பார்.

அறுபதைத் தாண்டிய உடம்பு. இடது கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. நாளெல்லாம் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு வருவதுதான். கைலியை மடித்துக் கட்டி, காலை ஆயில் டப்பாமேல் தூக்கி வைத்து உட்காருவார். அந்த வரைக்கும் புத்திசாலி. சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடச் சொன்னால், சாப்பாடும் முடிந்து டீயும் முடிந்த பிறகு போடுவார். மனைவி நசீம் பானு சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். "ஊரு வண்டிக்கெல்லாம் நேரத்துக்கு ஆயில் மாத்துறாரு" என்பதோடு அந்த அம்மா நிறுத்திக்கொள்வார்.

யார் யார் இருந்தார்கள் என்ற கேள்வி சும்மா கேட்பதல்ல. இன்ஜின் எந்தப் பாரத்தில் மக்கர் செய்ததோ அதே பாரத்தை ஏற்றி, அதே ஏற்றத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல் எதையும் கழற்ற மாட்டார். "காலி வண்டி பொய் சொல்லும்" என்பது அவர் கணக்கு. பட்டறையில் வெண்ணெய் போல ஓடும் கார், ஐந்து பேரும் ஒரு மூட்டையும் ஏறியதும் நோஞ்சானாகிவிடும். ஆகவே, இருந்தவர்கள் எல்லாரும் வரவேண்டும். ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவர் இதைக் கேட்டு வெலவெலத்துப் போனார்.

"ஏனுங்க பாய், மாமியாரையுமா கூட்டிட்டு வரோணும்?"

"அன்னைக்கு இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"அப்ப கூட்டிட்டு வாங்க."

மாமியார் பட்டுச்சேலையில் வந்தார். கோளாறு பெட்ரோல் பம்பில் இருந்தது. இருந்தாலும் அந்த வியாபாரி இன்றுவரை அது மாமியாரின் எடைதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

கையூம் தன் வழக்கத்தைத் தளர்த்தியது சடையாண்டி விஷயத்தில் மட்டும்தான். சடையாண்டி சிறுமலையில் வாழை போட்டவர். கார்புரேட்டர் காலத்து ஆம்னி ஒன்று வைத்திருக்கிறார். வாழைத்தார் இறக்குவதும் அதில்தான், சிறுநீரகம் பழுதான மனைவி ஒச்சாயியை வாரம் இருமுறை திண்டுக்கல்லுக்கு டயாலிசிஸ் கூட்டிவருவதும் அதில்தான். இறங்கும்போது வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. டயாலிசிஸ் முடித்துத் திரும்பும்போது, பாதி மலையில் திக்க ஆரம்பிக்கும், இழுக்காது, ஒரு வளைவில் அடங்கிவிடும். அரைமணி நேரம் சும்மா நின்றால் மறுபடி எடுக்கும், கொஞ்ச தூரம் போய் மறுபடி படுக்கும். ஊசி குத்திய கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒச்சாயி பின் சீட்டில் கிடப்பார். பஸ் எப்போதாவதுதான் வரும். வந்தாலும் அந்த உடம்போடு நின்றுகொண்டு போக முடியாது.

சீக்காளியை எதற்கு அலைக்கழிப்பது என்று கையூம் அவருக்குப் பதிலாக ஓர் அரிசி மூட்டையை ஏற்றினார். வண்டி முணங்காமல் ஏறியது. இன்னொரு மூட்டை போட்டார். அதற்கும் ஏறியது. இருந்தும் பிளக் மாற்றினார், பில்டர் மாற்றினார், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், பம்பையும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. அடுத்த முறை திரும்புகையில் வண்டி அதே மாதிரி நின்றது. எல்லாம் சரியாக இருக்கும் வண்டியைப் போல அவரைக் களைப்படைய வைப்பது வேறொன்றும் இல்லை. அன்று ஸ்பேனர்களைத் துடைக்காமலே பட்டறையைச் சாத்தினார்.

பிறகு சடையாண்டி மட்டும் வந்தார், வண்டி இல்லாமல். ஒச்சாயி இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். தார் ஏற்றினால் ஓடுகிறது, மூட்டை ஏற்றினால் ஓடுகிறது, தான் ஏறினால்தான் நிற்கிறது. தண்ணி கோத்துக் கனத்துப்போன உடம்பு தன்னுடையது. போதும், வீட்டிலேயே கிடக்கிறேன் என்கிறாராம். உண்மையில் டயாலிசிஸ் முடிந்து வருபவரின் உடம்பில் நீர் இறங்கி, போனதைவிட எடை குறைந்துதான் இருக்கும். அதை அவரிடம் யார் சொல்வது? இரண்டு முறை போகாமல் விட்டால் மூச்சு முட்டும். அதன் பிறகு கூட்டிவர வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றுதான். சடையாண்டிக்கு அது தெரிந்திருந்தது. பேசும்போது அவர் கையூமின் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய பழைய டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தடவ கூட்டிட்டு வா அப்பு. திரும்பயில நான் கூட வாரேன்" என்றார் கையூம். "தப்பு எம்மேல. இருந்தவங்கள விட்டுப்புட்டு மூட்டைய ஏத்துனேன்."

அப்படித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வண்டியில் பட்டறை வாசலில் ஏறிக்கொண்டார். சடையாண்டி ஓட்ட, ஒச்சாயி பின்னால் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. அடிவாரம் வரை ஒன்றுமில்லை. ஏற்றம் தொடங்கி சில வளைவுகள் கடந்ததும், மிதித்த மிதிக்கு இன்ஜின் பதில் சொல்லாமல் ஒரு கணம் தயங்கியது. பிறகு குலுங்கியது. பிறகு அடுத்த வளைவின் ஓரத்தில் அடங்கியது. சடையாண்டி கல் எடுத்துச் சக்கரத்துக்கு அணை கொடுத்தார்.

கையூம் கதவைத் திறந்து காலை வெளியே போட்டார். இறங்குவதற்கு முழங்கால் சம்மதிக்க வேண்டுமே. இறங்கி, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திருகினார். மூடி வந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. குழாயின் வாயில் ஒரு பாலிதீன் பை, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கமாகக் கட்டியிருந்தது. நடுவில் உள்வாங்கிக் குழி விழுந்திருந்தது. அவர் ரப்பர் பேண்டைக் கழற்றியதும் டேங்க் உஸ்ஸென்று நெடுநேரம் காற்றை இழுத்தது.

அந்தச் சத்தத்துக்குச் சடையாண்டி சுற்றி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். டயாலிசிஸ் முடிந்து வரும்போது ஒச்சாயிக்குப் பெட்ரோல் வாடை ஆகாது, குடலைப் பிரட்டும். அதனால் ஆஸ்பத்திரி வாசலில் பையைக் கட்டுவார், வீட்டுக்குப் போனதும் அவிழ்த்துவிடுவார். தார் ஏற்றும் நாளில் கட்டுவதில்லை. அரிசி மூட்டைக்கும் கட்டவில்லை; மூட்டைக்கு என்ன வாடை?

"இத ஒரு வார்த்த சொன்னியா அப்பு?"

"இது வண்டி சமாச்சாரம் இல்லையே பாய்."

கையூமுக்குத் திட்டத் தெம்பில்லை. அந்த மூடியில் ஊசிக்கண் அளவு ஒரு துளை இருக்கிறது, பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் டேங்குக்குக் காற்றுப் போகும், அதை அடைத்தால் பெட்ரோல் இறங்காது, ஏற்றத்தில் இன்ஜின் பட்டினி கிடக்கும் என்று சுருக்கமாகச் சொன்னார். வாடைக்குக் காரணம் வேறு: மூடிக்குள் இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் கரைந்து போயிருந்தது. தன் ஸ்பேனர் பையிலிருந்து பழைய டியூப் துண்டொன்றை எடுத்து, துளையை மறைக்காதபடி வளையமாக வெட்டி, மூடிக்குள் பதித்தார். சாவியைத் திருப்பச் சொன்னதும் இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது.

சன்னல் வழியாக ஒச்சாயியின் குரல் வந்தது. சத்தமில்லை, காற்றுத்தான்.

"நாந்தானே அண்ணே? நான் ஏறுனதாலதானே?"

சடையாண்டி தரையைப் பார்த்தார். கையூம் ஒரு கையால் மூடியைச் சன்னலுக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"இந்த மூடி கெட்டுப்போச்சு தாயி. வேற ஒண்ணுமில்ல."

மற்றொரு கை அந்தப் பாலிதீன் பையைச் சுருட்டி, ஒச்சாயியின் பார்வை படாமல், கைலி மடிப்புக்குள் ஆழமாகச் சொருகிக்கொண்டிருந்தது.