போர்டு நட்ட குழி

அந்த மேட்டுக்குக் காவல்காரர் ஒருத்தர் இருந்தார். இருபத்திரண்டு வருஷமாக அதையே சுற்றி வந்ததால் தெருவில் அவருக்கு ‘மேட்டு மாப்பிள்ளை’ என்றே பெயர். மேட்டின்மேல் பழங்காலச் செங்கல் தளம் ஒன்று. அதைச் சுற்றி நூறு மீட்டருக்குள் ஒரு பிடி மண் தோண்டக்கூடாது என்பது சட்டம். அவருக்குக் கொடுத்த ஒற்றை அறைக் குடியிருப்பும் அந்த நூறு மீட்டருக்குள்தான். கக்கூஸ் குழி இடிந்துபோனபோதுகூட, “தோண்டக்கூடாதுடி, சட்டம்” என்று பெண்டாட்டியை வாளியோடு மூன்று தெரு தள்ளி நாத்தனார் வீட்டுக்கு நடக்கவிட்ட புண்ணியவான்!

ஒருநாள் தொல்லியல் ஆபீஸ் லாரியில் பெரிய போர்டு வந்து இறங்கியது. ‘இங்கே தோண்டினால் சிறை.’ நல்ல காரியம்தான். அதை நட எங்கே குழி வெட்டினார்கள் தெரியுமா? செங்கல் தளத்துக்கு நட்டநடுவில்! ரோட்டிலிருந்து தெரியவேண்டுமாம். அறிவுக்கொழுந்துகள்!

“சார், இது பழைய தளம் சார்! ஓரமா நடலாம் சார்” என்று குறுக்கே போய் நின்றார் காவல்காரர்.

“யோவ், எங்களுக்கே சட்டம் சொல்லித்தர்றியா? தள்ளுய்யா” என்றார் லாரியோடு வந்த அதிகாரி.

கடப்பாரை இறங்கியது. எத்தனையோ தலைமுறை மழை வெயில் அசைக்காத செங்கல் அரைமணியில் பொடிப்பொடி.  காவல்காரர் சாயங்காலமே டியூட்டி நோட்டை விரித்து, நேரம், உடைந்த செங்கல், உத்தரவு போட்டவர், தான் பக்கத்தில் நின்று பார்த்தது எல்லாவற்றையும் எழுதினார். தலைமை ஆபீசுக்கும் ஒரு நகல் அனுப்பினார்.

“ஏங்க, ரிட்டையராக எட்டு மாசந்தான் இருக்கு. வேலை போச்சுன்னா இந்த ஒத்த ரூமும் போயிடும். பேசாம இருங்களேன்” என்றாள் பெண்டாட்டி.

“சேதமானா எழுதணும்டி. எழுதலைன்னா நான் எதுக்குக் காவல்?”

இருபதே நாளில் பதில் வந்தது. அடேயப்பா, அந்த ஆபீசிலா இவ்வளவு வேகம்! சேதம் நடந்தது உண்மையாம். காவலர் பக்கத்திலேயே நின்றும் தடுக்கவில்லையாம். ஆதாரம்? அவர் கைப்பட எழுதிய நோட்டு! பணிநீக்கம், ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்யவும். கீழே அதே அதிகாரியின் கையெழுத்து. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கூட்டம், தூ!

மூட்டை கட்டிய அன்று கொல்லைப்பக்கம் இரண்டு பேர் கடப்பாரையோடு வந்தார்கள்.

“என்னப்பா தோண்டப்போறீங்க?”

“புதுக் காவல்காரருக்குக் கக்கூஸ் குழிங்க. ஆபீஸ் ஆர்டர்.”

“நூறு மீட்டருக்குள்ள...” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார்.

பெண்டாட்டி கையிலிருந்த வாளியை அவர் கையில் திணித்தாள்.

“இனிமே இதை நீங்களே தூக்கிட்டு வாங்க.”